ஏழாம் எண் கேட்ட வெளிச்சம்

ஆயுத பூசைக்கு முந்திய நாள் பிற்பகலில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் தண்ணீர் ஓடாத தளம் ஒன்றுகூட இருக்கவில்லை. கடைசல் இயந்திரங்களையும் பாரந்தூக்கிகளையும் ஆட்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வாசல்தோறும் வாழைக்கன்று, லாரிகளின் நெற்றியில் சந்தனம். இவ்வளவு கொண்டாட்டத்துக்கும் நடுவில், நொதி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் முதல் மாடி ஆய்வகத்தில், எவாஞ்சலின் இருபது கண்ணாடித் தட்டுகளோடு, நின்ற இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய வேலை ஒரு குடும்பத்தைப் பிரிப்பது. மனிதக் குடும்பம் அன்று. ஒளியை உணரும் புரதங்களின் குடும்பம். அதன் வரலாற்றை ஒரு கதையாகவே சொல்லிவிடலாம்.

பூமி இளமையாக இருந்த காலத்தில் சூரியன் மிகவும் கடுமையானவனாக இருந்தான். அவனுடைய கதிர்கள் கடலில் மிதந்த சிற்றுயிர்களின் மரபு நூலைக் கிழித்தன. அந்த உயிர்களுக்குள் ஒரு தையற்காரன் இருந்தான். அவனிடம் ஊசியில்லை, நூலில்லை. கிழித்த சூரியனிடமே ஒரு கீற்று நீல ஒளியைக் கேட்டு வாங்கி, அதைக் கொண்டே கிழிசலைத் தைத்துவிடுவான். காலம் போகப் போக அவன் வம்சம் பெருகிற்று. சிலர் தையலைத் தொடர்ந்தார்கள். வேறு சிலர் தையலை விட்டுவிட்டு, அதே ஒளியைப் பார்த்துப் பொழுது விடிந்தது, பொழுது சாய்ந்தது என்று உயிருக்கு அறிவிக்கும் ஜாமக்காரர்கள் ஆனார்கள். தொழில் மாறினாலும் மூக்கும் முழியும் மாறவில்லை. ஆகவே, முகத்தை மட்டும் பார்த்து இவர் தையற்காரர், இவர் ஜாமக்காரர் என்று சொல்வது எளிதன்று.

எவாஞ்சலினிடம் அந்தக் குடும்பத்தில் ஒன்பது பேர் இருந்தனர். குளம், ஏரி, கிணற்றுப் பாசிகளிலிருந்து எடுத்த ஒன்பது புரதங்கள். ஒவ்வொன்றின் எழுத்து வரிசையையும் அருகருகே வைத்து வம்ச மரம் வரைந்தபோது, முதல் நான்கும் தையற்காரர் கிளையிலும், பின் ஐந்தும் ஜாமக்காரர் கிளையிலும் போய் உட்கார்ந்தன. வெயில் பட்டுப் புண்ணான தோலுக்கு ஒரு களிம்பு செய்ய நினைத்திருந்த நிறுவனத்துக்குத் தையற்காரர்கள் மட்டுமே வேண்டும்.

அவளை நிம்மதியாக இருக்கவிடாதது ஏழாம் எண். பாரூர் ஏரியின் மதகுப் பக்கம் எடுத்த பாசியிலிருந்து வந்தது அது. பிறப்பால் ஜாமக்காரன். ஆனால் கிழிசலைப் பிடித்து நிறுத்துவதற்கு வேண்டிய மூன்று இடங்கள் அதன் உடம்பில் தையற்காரனுக்கு இருப்பது போலவே இருந்தன. கையில் விரல் இருக்கிறது, வேலை மட்டும் நடக்கவில்லை. மூன்று முறை சோதித்துவிட்டாள். மூன்று முறையும் ஏழாம் எண் ஒரு கிழிசலையும் தைக்கவில்லை.

ஆய்வகத் தலைவர் சிவராஜ் கதவருகே வந்து நின்றார். மறுநாள் விடுமுறை என்பதால் தொழிற்பேட்டையில் அன்று மாலையே பூசை. வேட்டி கட்டியிருந்தார், பூசைக்குத் தயாராகிவிட்டார் என்று தெரிந்தது.

“என்ன எவாஞ்சலின், இன்னும் அந்த ஏழ விடலியா?”

“கடைசி தடவ சார்.”

“போன மாசமும் இதேதான் சொன்ன. பொண்ணு பாக்கப் போன எடத்துல மூணு தடவ வேணாம்னு சொல்லிட்டா, நாலாவது தடவ யாராவது போவாங்களா?”

“எங்க சித்தப்பா போனாரு சார். சித்தி இன்னிக்கும் அவர வெச்சுக் குடும்பம் நடத்தறாங்க.”

சிவராஜ் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் குரல் அலுவலகக் குரலாயிற்று. “திங்கக்கெழம பத்து மணிக்கு டேபிள் போய்த்தான் ஆவணும். தைக்கறது எது, தைக்காதது எது, அவ்ளோதான் கேக்கறாங்க. தைக்காததெல்லாம் அன்னிக்கே ஃப்ரீசர்லருந்து காலி. எடமில்ல, அடுத்த ப்ராஜெக்ட் வந்துடுச்சு. புரியுதா?”

புரிந்தது. புரிந்ததனால்தான் நடந்துகொண்டிருந்தாள். பட்டியலில் ‘பழுது நீக்காது’ என்று ஒருமுறை ஏறிவிட்டால் அதன் பிறகு ஏழாம் எண்ணை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. குழாய் குப்பைக்குப் போகும். பாரூர் மதகுக்குத் திரும்பப் போய் அதே பாசியைத் தேட ஒருவருக்கும் நேரமிருக்காது.

சோதனை எளிமையானது. தன் கிழிசலைத் தானே தைத்துக்கொள்ள இயலாத பாக்டீரியாக்களை எடுத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு புரதத்தின் மரபணுவைக் கொடுப்பாள். பத்தாவது கூட்டத்துக்கு ஒன்றும் கொடுக்கமாட்டாள். அது வெறும் பாக்டீரியா. எல்லாவற்றையும் புற ஊதாக் கதிரில் காட்டிக் கிழிப்பாள். பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு தட்டை நீல விளக்குப் பெட்டியிலும், மற்றொன்றை இருட்டுப் பெட்டியிலும் வைப்பாள். நீலத்தில் புள்ளி புள்ளியாகப் பாக்டீரியா முளைத்து, இருட்டில் முளைக்காவிட்டால் அது தையற்காரன். இரண்டிலும் முளைக்காவிட்டால் ஜாமக்காரன்.

மங்கலான சிவப்பு விளக்கின் கீழ் இருபது தட்டுகளையும் வைத்து முடித்தாள். இருட்டுப் பெட்டியின் கதவில் ‘திறக்கக் கூடாது’ என்று ஒரு தாளில் எளிதாகப் படிக்கும்படி பெரிதாக எழுதிப் பசையால் ஒட்டினாள். கீழே உடுக்கைச் சத்தம் கேட்டது. ஊத்தங்கரைப் பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

*

விடுமுறை நாள் அவளுக்கு ஓய்வாக இருக்கவில்லை. அம்மா மேரிராணி மாவு கரைத்து ஊற்றிய தோசையை நின்றுகொண்டே தின்றாள். கூடத்துக்கும் வாசலுக்குமாக எத்தனை முறை நடந்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

“ஏண்டி, ஒரு எடத்துல ஒக்காந்தா என்ன? காலுல சக்கரமா கட்டி அனுப்பிச்சாங்க அந்தக் கம்பெனியில?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாததுக்குத்தான் இந்த நடையா? அந்த ஏழுதானே? மாப்பிள்ள பேரு சொல்றா மாதிரி ஏழு ஏழுங்கற. என்னான்னாவது சொல்லு.”

“அது செய்யத் தெரிஞ்சும் செய்ய மாட்டேங்குதும்மா.”

“நம்ம ரோஷன் மாதிரின்னு சொல்லு,” என்றாள் மேரிராணி, தன் மகனை நினைத்து. “அவன் எதுக்கு செய்ய மாட்டேங்கறான்னு கேட்டுட்டியா? கேட்டாலும் சொல்ல மாட்டான்.”

வெள்ளிக்கிழமை காலை முதல் பேருந்திலேயே கிளம்பிவிட்டாள். கிருஷ்ணகிரியில் மாறி, சூளகிரி கடந்து, பூமாலை வாடிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஓசூர் போய்ச் சேரும்போது மணி பத்து. விஜயதசமி விடுமுறையில் தொழிற்பேட்டை அடங்கிக் கிடந்தது. மின்பராமரிப்பு வேலைக்காரர் கரியப்பன் மட்டும் ஜெனரேட்டர் அறை வாசலில் நின்று தொலைபேசியில் “பர்த்தீனி, பர்த்தீனி” என்று, வந்துவிடுகிறேன் என்ற பொருளில், மனைவிக்குக் கன்னடத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். எவாஞ்சலினைக் கண்டதும் பேச்சை வெட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாடியில் முதலில் நீல விளக்குப் பெட்டியைத் திறந்தாள். ஒன்று முதல் நான்கு வரை புள்ளிகள் நிறைந்திருந்தன. ஐந்திலிருந்து ஒன்பது வரை சுத்தம். வெறும் பாக்டீரியாத் தட்டும் சுத்தம். ஏழாம் எண் நான்காம் முறையாகவும் மறுத்துவிட்டது.

பிறகு இருட்டுப் பெட்டியைத் திறந்தாள். திறந்தவுடனே கையை இழுத்துக்கொண்டாள்.

இருட்டில் முளைக்கவே கூடாத தட்டுகள் முளைத்திருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாவற்றிலும் புள்ளிகள். பெட்டிக்குள் ஒளி நுழைந்திருக்கிறது! கதவில் அவள் ஒட்டிய தாளைக் காணவில்லை. பசையின் தடம் மட்டும் இருந்தது. கதவின் உட்பக்கத்தில் ஈரம் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். தட்டடுக்கின் மூலையில் இரண்டு பொரி. ஒரு சாமந்தி இதழ்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பூசைக்கு முன் இயந்திரங்களில் ஒட்டியிருக்கும் பழைய தாள்களையெல்லாம் ஈரத்துணி போட்டுத் தேய்த்து உரித்துவிடுவார்கள். அது இங்கே எல்லாத் தொழிற்சாலையிலும் வழக்கம். நான்கு வருடமாகப் பார்த்திருக்கிறாள். பார்த்திருந்தும், சரியாக அந்த நாளில், ஒரு தாளைப் பசை தடவி ஒட்டிவிட்டு, அதை நம்பிப் பேருந்து ஏறியிருக்கிறாள்.

கோபத்தில் தொலைபேசியை எடுத்துச் சிவராஜிடம் சொன்னாள். ஐந்து நிமிடத்துக்குள் நிறுவனத்தின் வாட்ஸப் குழுவில் அவருடைய செய்தி வந்துவிட்டது: இருட்டுப் பெட்டியைத் திறந்தவர் யாராக இருந்தாலும் திங்கட்கிழமை அவருடைய நுழைவு அட்டை திரும்பப் பெறப்படும்.

வீணான தட்டுகளைக் கொதிநீராவியில் போட்டுக் கொல்லவேண்டும். ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். ஐந்து, சுத்தம். ஆறு, சுத்தம். எட்டு, சுத்தம். ஒன்பது, வெறும் பாக்டீரியா, இரண்டும் சுத்தம். ஏழைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

ஏழாம் எண் தட்டில் புள்ளிகள் இருந்தன.

நிறைய இல்லை. எண்ணினாள், அறுபத்து மூன்று. மூடியைத் திருப்பி எண்ணைச் சரிபார்த்தாள். அவள் கையெழுத்துத்தான். கதிர் சரியாகக் கிழிக்கவில்லையோ என்றால், வெறும் பாக்டீரியா ஒன்றுகூடப் பிழைக்கவில்லை, ஆகக் கிழித்திருக்கிறது. நீலப் பெட்டியில் நான்கு முறை கேட்டும் மறுத்த ஏழு, யாரோ தெரியாமல் உள்ளே விட்ட ஒளியில் தைத்திருக்கிறது. ஊரில் இல்லாத ஒருவர் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? அவள் நான்கு முறையும் தட்டியது அந்த மாதிரித்தானோ?

எந்த ஒளி?

பையிலிருந்து தட்டுகளைத் திரும்ப எடுத்து வரிசையாக வைத்தாள். இறங்கி ஓடி ஜெனரேட்டர் அறையில் நின்றாள்.

“கரியப்பண்ணா, புதங்கெழம பூஜைக்கு மேல யாரு போனாங்க?”

“தெர்லீங்க மேடம்.” கரியப்பன் ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே துடைத்தார்.

“யாருன்னு வேணாம். பெட்டிக்குள்ள என்ன லைட்டு பட்டுச்சுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். மேல டியூப்லைட்டா? டார்ச்சா?”

“நா கீழதான் இருந்தங்க. ப்ரெஸ் ஷாப்ல. சாமி சத்தியமா மேல…” என்று ஆரம்பித்தவர் சத்தியத்தை முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். “கரண்டு பில் படிக்க ஆளு வர்றான், பாக்கணும்,” என்று வெளியே போய்விட்டார். விஜயதசமியன்று மின்கணக்கு எடுக்க யார் வருகிறார்கள்? நுழைவு அட்டை ஒப்பந்தக்காரர் வழியாகக் கிடைத்தது. அது போனால் இருபது வருட வேலையும் அதோடு போகும். அவர் பயந்ததில் வியப்பில்லை. அந்தப் பயத்தை ஊட்டியது தன்னுடைய ஒரு தொலைபேசி அழைப்பு என்பது எவாஞ்சலினுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மதியமே புதிதாகத் தட்டுகள் போட்டு, ஆய்வகத்துக் கூரையின் எல்.இ.டி. குழல்விளக்கின் கீழ் வைத்தாள். கதவைத் திறந்தபோது பட்டது இதுவாகத்தானே இருக்கும்? சனிக்கிழமை காலையில் பார்த்தபோது முதல் நான்கும் முளைத்திருந்தன. ஏழில் ஒன்றும் இல்லை.

இன்னும் இரண்டு நாள். அதில் ஒரு நாள் பாக்டீரியா முளைப்பதற்கே போய்விடும். ஆய்வகத்தில் உட்கார முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு தொரப்பள்ளிப் பேருந்தில் ஏறினாள்.

*

கரியப்பன் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பேருந்து நிறுத்தத்தில் கேட்டதும் வழி சொன்னார்கள். வாசலில் அவர் மனைவி சரோஜம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எவாஞ்சலின் தன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

“அடடே, நம்ம கம்பெனி மேடமா! வாங்க, வாங்க. ஓயாம சொல்லுவாரு. மேல ஒரு பொண்ணு, பாசியத் தண்ணில போட்டு அதோட பேசிகினு கீதுன்னு.”

எவாஞ்சலினுக்குச் சிரிக்கத் தோன்றியது. ஆனால் அதற்குள் அவள் கண் நிலைப்படிக்கு மேலே போய்விட்டது. அங்கே பிள்ளையார் படத்தைச் சுற்றி ஒரு தொடர்விளக்கு. சின்னஞ்சிறு குமிழ்கள், பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தன. நீலமில்லை, சிவப்பில்லை. கத்தரிப்பூ நிறம். ஒரு குமிழின் மேல் சந்தனம் அப்பியிருந்தது.

உள்ளேயிருந்து கரியப்பன் வந்தார். அவளைப் பார்த்தார், அவள் பார்ப்பதையும் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரோஜி, நீரு கொடு,” என்று மனைவியை உள்ளே அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “இவகிட்ட சொல்லாதீங்க மேடம். அழுதுடுவா.”

“நான் சொல்ல வரலண்ணா. கேக்க வந்தேன்.”

“எல்லா டிபார்ட்மெண்ட்லயும் மிஷினுக்கு மிஷினு பூ, பொட்டு. ஒங்க ரூம் மட்டும் மொட்டையா நிக்குது. நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, நீங்க போட மாட்டீங்க. அதுக்காக அந்தப் பெட்டி என்னா பாவம் பண்ணிச்சு? மனசு கேக்கல. கதவ மூடிவெச்சி பொட்டு வெச்சா வருசம் பூரா மிஷினு மொரண்டு பண்ணும்னு எங்க ஃபோர்மேன் சொல்லுவாரு. அதான் தொறந்தேன்.”

“தாள் ஒட்டியிருந்தேனே?”

“தாளா? கழுவுற பசங்க எல்லாத்தையும் உரிச்சுப் போட்டுட்டானுங்க. நா போவும்போது ஒண்ணும் இல்ல. லைட்டு அணைச்சுகீது, செவப்பு வெளக்கு மட்டும். அந்த வெளிச்சத்துலதான் பொட்டு வெச்சேன். சீரியல் பல்பு கலர் கலரா வாங்கினு வந்தேன். ப்ரெஸ் ஷாப்காரனுங்க எல்லாத்தையும் எடுத்துக்கினானுங்க. இது ஒண்ணுதான் மிச்சம். பேட்டரியில எரியறது. உள்ள சுத்தி விட்டுட்டு, பொரி போட்டுட்டு, மூடிட்டேன். மறுநா காலையிலதான் ஞாபகம் வந்து எடுத்தேன்.”

“ராத்திரி பூரா உள்ள எரிஞ்சுச்சா?”

“எரிஞ்சுச்சுங்க.” அவர் துண்டை மடித்தார். “எவ்ளோ நஷ்டம் மேடம்?”

எவாஞ்சலின் எட்டி அந்தத் தொடர்விளக்கைத் தொட்டாள். சூடில்லை. நீல விளக்குக்கும் புற ஊதாவுக்கும் இடையில், மனிதக் கண்ணுக்கு அரைகுறையாகவே தெரியும் ஓர் ஓரம் உண்டு. அந்தக் குடும்பத்தில் பலருக்கு நீலத்தைச் சேகரித்துக் கொடுக்கும் ஒரு துணை மூலக்கூறு இருக்கும். ஏழாம் எண்ணுக்கு அது இல்லையென்றால்? நீலம் அதன் காதில் விழுந்தே இருக்காது. இந்த ஓரத்து ஒளிதான் அதற்குப் புரியும் பேச்சு.

“அண்ணா, இத நான் எடுத்துட்டுப் போலாமா?”

“எதுக்குங்க? சார்கிட்ட காட்டறதுக்கா?”

“பெட்டிக்குள்ள திரும்ப வெக்கறதுக்கு.”

கரியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேலைப்பளுவில் இந்தப் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கக்கூடும். ஆனாலும் முக்காலி போட்டு ஏறி, படம் அசையாமல் விளக்கைக் கழற்றிச் சுருட்டிக் கொடுத்தார்.

“எம் பேரு…” என்று இழுத்தார்.

“கேட்டா பொய் சொல்ல மாட்டேண்ணா. ஆனா எழுதறதுல மொதல்ல வர்றது என் பேரு. பூட்டு போடாதது நான், பூச நாள்ல தாள நம்பினது நான். மெசேஜ் வர வெச்சதும் நான். அதெல்லாம் எழுதிட்டுதான் மத்தது.”

சரோஜம்மாள் தண்ணீரோடு வந்தாள். விளக்கைக் காணாமல் நிலைப்படியைப் பார்த்தாள்.

“கம்பெனியில பல்பு பத்தலியாமா,” என்றார் கரியப்பன்.

“அவ்ளோ பெரிய கம்பெனியிலயா!”

*

திரும்பியதும் ஒளியைப் பிரித்துக் காட்டும் கருவியின் முன் அந்த விளக்கைப் பிடித்தாள். நானூறு நானோமீட்டருக்குப் பக்கத்தில் ஒற்றை மேடு எழுந்தது. அவளுடைய நீல விளக்கு நானூற்றைம்பது. ஐம்பதே நானோமீட்டர் தள்ளி நின்றுகொண்டு ஏழாம் எண்ணை நான்கு முறை கூப்பிட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை மாலைக்குள் இருபது தட்டுகளைத் தயாரித்தாள். பத்துத் தட்டுகள் இருட்டில். இம்முறை பெட்டிக்குப் பூட்டு. பத்துத் தட்டுகள் கத்தரிப்பூ நிற விளக்கின் கீழ். சந்தனம் அப்பிய குமிழைத் துடைக்கப் போனவள், சோதனையில் எதையும் மாற்றக்கூடாது என்று எண்ணித் துடைக்காமல் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மூன்றாம் பாட்டுக்கு எழவேண்டிய இடத்தில் இரண்டாம் பாட்டுக்கே எழுந்து நின்றாள். பக்கத்திலிருந்தவர் சேலையைப் பிடித்து உட்காரவைத்தார். பிற்பகலில் ஆய்வகத்துக்குப் போகும் வழியில் பாதிவரை நடந்து, ஒரு நாள் நிறையும் முன்பு திறந்தால் எல்லாம் கெடும் என்று திரும்பினாள். மறுபடியும் போனாள், மறுபடியும் திரும்பினாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிவராஜ் வந்தபோது எவாஞ்சலின் பூட்டிய பெட்டியின் முன் நின்றிருந்தாள். பக்கத்தில் குறிப்பேடு திறந்திருந்தது. அவர் நின்றபடியே படித்தார். பூட்டில்லாப் பெட்டி, பூசை நாளில் ஒட்டிய தாள், உள்ளே ஓர் இரவு எரிந்த தொடர்விளக்கு, ஏழாம் எண்ணின் அறுபத்து மூன்று புள்ளிகள். எல்லாம் தேதிவாரியாக இருந்தன. தவறு என்னுடையது என்ற வரியின் கீழ் அவள் கையெழுத்து.

“இன்னும் தொறக்கலியா?”

“நீங்க இருக்கும்போது தொறக்கலாம்னு சார். நான் மட்டும் பாத்தா எனக்கு வேணுங்கறதுதான் கண்ணுக்குத் தெரியும்.”

இருட்டுப் பெட்டியை முதலில் திறந்தாள். பத்துத் தட்டும் சுத்தம். அடுத்து விளக்குப் பெட்டி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, முளைத்திருந்தன. ஐந்து, ஆறு, சுத்தம். ஏழை அவள் எடுக்கவில்லை. சிவராஜ்தான் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார்.

“எழுவது,” என்றார். “எழுவத்தொண்ணு.” எட்டு, ஒன்பது, வெறும் பாக்டீரியா மூன்றையும் எடுத்துப் பார்த்தார். மூன்றும் சுத்தம். தட்டை மேசையில் வைக்கும்போது, சூடான பாத்திரத்தை வைப்பதுபோல் மெதுவாக வைத்தார்.

“ஜாமக்காரன் வூட்டுல பொறந்து தையல் வேல பாக்கறான்,” என்றார். “சரி. இந்த சீரியல் பல்பு யாருது?”

எவாஞ்சலின் வாயைத் திறந்தாள். அதற்குள் கதவருகிலிருந்து ஒரு குரல் வந்தது.

“என்னுது சார்.”

கரியப்பன் ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். குழல்விளக்கு மாற்ற வந்தவர்போல் தெரிந்தார். ஆனால் கையில் புதுக் குழல் ஏதும் இல்லை. மறுகையில் நுழைவு அட்டை இருந்தது. அதை மேசையின் ஓரத்தில், தட்டுகளில் படாமல் வைத்தார்.

“பெட்டியத் தொறந்தது நான்தான் சார். மேடம் எழுதனதுல கொஞ்சந்தான் சரி.”

கீழே அமுக்கி இயந்திரம் ஒருமுறை பெருமூச்சு விட்டு ஓடத் தொடங்கிற்று. சிவராஜ் அட்டையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, வெள்ளிக்கிழமை தான் அனுப்பிய செய்தியைத் தேடி அழித்தார்.

“எடுத்துக்கங்க அத,” என்றார். “ஒரே ஒரு கண்டிஷன் கரியப்பன். பூஜ போட்டதாலதான் ரிசல்ட்டு வந்துச்சுன்னு வெளிய எங்கயும் சொல்லிடாதீங்க. டைரக்டர் காதுல விழுந்தா அடுத்த வருசம் எல்லாப் பெட்டியையும் தொறந்து வெக்கச் சொல்லுவாரு.”

“இனிமே தொடமாட்டேன் சார்.”

“பல்பு தீபாவளி வரைக்கும் இங்கயே இருக்கட்டும்.”

“தீபாவளிக்கு வூட்டுல கேப்பாளே சார்?”

“வேற கலர் வாங்கிக் குடுங்க.”

மணி ஒன்பதே முக்கால். எவாஞ்சலின் கணினியில் பட்டியலைத் திறந்தாள். ‘வம்சம்’, ‘தொழில்’ என்று இரண்டு பத்திகள். ஏழாம் எண்ணுக்கு வம்சத்தில் ஜாமக்காரர் என்றும், தொழிலில் பழுது நீக்குவது என்றும் எழுதினாள். மாதக்கணக்காகக் காத்திருந்த அந்த ஒரு சொல் பொருந்தி உட்கார்ந்துவிட்டது. அனுப்பிவிட்டு உட்காரலாம்.

ஆனால் விரல் விசையின் மேலேயே நின்றது. ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது. நான்கின் எதிரிலும் ‘பழுது நீக்காது’ என்று இருந்தது. வெள்ளிக்கிழமை வரை ஏழின் எதிரிலும் அதே சொல்தான் இருந்தது, அதே உறுதியோடு. அந்த நான்கின் எதிரிலும் இருந்ததை அவள் அழித்தாள். மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தாள்: ‘எந்த ஒளியில் கேட்டோம்’. ஒன்பது வரிசைகளையும் நிரப்பினாள். அந்த நான்குக்கும் நேரே, ‘நீலத்திலும் ஊதாவிலும் நீக்கவில்லை, மற்ற நிறங்களில் கேட்கவில்லை’ என்று எழுதினாள்.

சிவராஜ் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். “அப்போ ஃப்ரீசர காலி பண்ண முடியாதுங்கற.”

“கேக்காம எப்படி சார் போடறது?”

அவர் பெருமூச்சு விட்டார். அடுத்த திட்டத்தின் குழாய்களை எங்கே வைப்பது என்று யோசித்தபடி வெளியே போனார். பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பட்டியல் போயிற்று.

எவாஞ்சலின் எழுந்துவிட்டாள். படிக்கட்டில் ஏணியோடு இறங்கிக்கொண்டிருந்த கரியப்பனை இரண்டு இரண்டு படியாகத் தாண்டிப் பிடித்தாள்.

“அண்ணா, அந்தக் கடையில வேற என்னென்ன கலர் இருந்துச்சு?”

கரியப்பன் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.